வெள்ளை வண்டிக்கு நான் கொடுத்த முதலிடம்

எந்த டீசல் பிக்கப்பை நம்பி வாங்கலாம் என்று இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். கோயில் வாசலில் கேட்கிறார்கள். பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சென்ற மாதம் கூரை வேலை எடுத்துச் செய்யும் ஒருவர், பாரம் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு மலை ஏறவேண்டும், பத்து வருடமாவது உழைக்கவேண்டும், எதை வாங்கட்டும் என்றார். எனக்குத் தெரியாது என்றேன். முப்பது வருடம் இதே வேலை செய்தவர் இப்படிச் சொல்லலாமா என்று சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்.

வாகன மதிப்பீட்டுத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். உங்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து நேரே மியூனிக்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் வந்து இறங்கியவர்கள். மற்றப் பாதி இங்கேயே பிறந்து, என்னைவிட நன்றாக ஜெர்மன் மொழி, நாங்கள் சொல்லும் டொச், பேசுபவர்கள். பயனுள்ள நாலு குறிப்புகளை எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது. அதில் நான் நல்லவனாக வரவில்லை.

முதலில் எனக்குத் தொழில் கற்றுத்தந்தவரைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடச் சில வயதே மூத்தவர். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிறிய பொறியியல் அலுவலகம் அவருடையது. பல வண்டிகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு எந்த வகை அதிகம் பழுதாகிறது, எது தாங்குகிறது என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதிக்கொடுப்பது எங்கள் தொழில். நான் இலங்கையில் பொறியியல் படித்தவன். இங்கே அகதியாக வந்தபோது அந்தப் பட்டத்துக்கு மதிப்பிருக்கவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே மறுபடியும் படித்தேன். நாற்பதை நெருங்கிய ஒருவனை, அதுவும் இந்தப் பெயரோடு, பொறியியலாளனாக வேலைக்கு எடுக்க ஒருவரும் தயாராக இல்லாத காலத்தில் அவர் எடுத்தார். நன்றி மறக்கவில்லை. அவரைத் தலைவர் என்றே இங்கு சொல்கிறேன்.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு காட்டு வேலை நிறுவனத்துக்குப் போனோம். அங்கே ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே குரலில், தங்கள் பிக்கப் கியர் மாறும்போது அடிக்கிறது, மரம் இழுக்கும்போது இயந்திரம் மூச்சுத் திணறுகிறது என்று சொன்னார்கள். நான் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டேன். தலைவர் எதையும் குறிக்கவில்லை. ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் அரை நாள் ஓட்டினார். கியரும் அடிக்கவில்லை, மூச்சும் திணறவில்லை. பக்கத்துப் பிரிவுக்குப் புது வண்டிகள் வந்திருந்தன, இவர்களுக்கும் அவை வேண்டியிருந்தது, விஷயம் அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னார்: "எழுதிப் பதியாத பழுது பழுதே இல்லை. ஓட்டுநர் வாயால் சொல்வதைக் கேள், சிரி, மறந்துவிடு."

அந்த விதி எனக்குப் பிடித்துப்போனது. யாரையும் நம்பவேண்டியதில்லை, எண்களை நம்பினால் போதும் என்பது, ஊரையும் உறவையும் விட்டு வந்த ஒருவனுக்கு மிகவும் வசதியான விதி.

பல வருடங்கள் கழித்து, குளிர்காலத்தில் தெருக்களில் பனி அகற்றும் ஒரு தனியார் நிறுவனம் எங்களிடம் வந்தது. அவர்களிடம் மூன்று வகையான கனரக டீசல் பிக்கப்புகள் இருந்தன. முன்னால் பனி தள்ளும் தகடு, பின்னால் உப்புத் தூவும் இயந்திரம். மூன்று தயாரிப்பாளர்களின் பெயர்களையும் நான் சொல்லப்போவதில்லை. வேலைத்தளத்தில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லவுமில்லை. சிவப்பு, சாம்பல், வெள்ளை என்று நிறத்தால்தான் அழைத்தார்கள். அடுத்த பருவத்துக்கு எல்லாவற்றையும் ஒரே வகையாக மாற்றவேண்டும், எந்த வகை என்று நீங்கள் சொல்லுங்கள் என்பது வேலை. அறிக்கையைத் தலைவர் என்னிடம் கொடுத்தார். என் பெயர் மட்டும் தாங்கி வெளியே போகும் முதல் அறிக்கை அது. ஐம்பது வயதைத் தாண்டியிருந்தேன்.

முடிவு கண்ணாடிபோலத் தெளிவாக வந்தது. சிவப்பு வண்டிகள் எந்நேரமும் திருத்தகத்தில் கிடந்தன. புகைக்கரி வடிகட்டி அடைக்கிறது, உணரி எச்சரிக்கிறது, தகட்டைத் தூக்கும் குழாய் கசிகிறது. சாம்பல் நடுத்தரம். வெள்ளைக்கு எண்ணெய் மாற்றம், ரயர் மாற்றம் தவிர ஒன்றுமே பதியப்படவில்லை. இரண்டு குளிர்காலம் உப்பிலும் பனியிலும் உழைத்த வண்டிகள், ஒரு முறைகூட முனகவில்லை.

இவ்வளவு தெளிவான முடிவு கையில் வந்தால் பயப்படுங்கள். நான் பயப்படவில்லை, மகிழ்ந்துபோனேன்.

அறிக்கையைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல் நாள், தலைவரும் நானும் கடைசியாக ஒரு முறை வேலைத்தளத்துக்குப் போனோம். படம் எடுக்கத்தான் போனோம். வெள்ளை வண்டிகளை ஓட்டியவர்கள் எல்லோரும் ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்றின் மூலம் வந்தவர்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஆள், தமிழர். ரஞ்சன் என்று பெயர், எல்லோரும் கப்டன் என்று கூப்பிடுவார்கள். கப்பலில் கப்டனாக இருந்ததாகச் சொல்லித் திரிந்தார். சமையல்காரராக இருந்தார் என்பதே உண்மை. ஏற்றம் ஒன்றை உறைபனியில் பின்பக்கமாகவே ஏறினேன் என்பார். ஒரு முறை உப்புத் தீர்ந்தபோது வீட்டு உப்புப் பக்கற்றைப் போட்டு ஒரு தெருவையே காப்பாற்றினேன் என்பார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துத்தான் கேட்கவேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

என்னைக் கண்டதும் தூரத்திலேயே கை தூக்கினார்.

"அண்ணை! படம் பிடிக்க வந்தனீங்களோ? சொல்லியிருந்தா முகச்சவரம் செய்துபோட்டு வந்திருப்பன்."

"வண்டியைத்தான் பிடிக்கிறம், உங்களை இல்லை," என்றேன்.

"அப்ப சரி. எந்த வண்டி வெண்டது, எது முதலாம் இடம்?"

"வெள்ளை."

அவர் சிரித்தார். தமிழ் தெரியாத தலைவர் பக்கத்தில் நின்றார். சிரிப்பு மட்டும்தான் அவருக்கு விளங்கியிருக்கும்.

"அண்ணை, கேளுங்கோ. சிவப்பு எண்டது மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி. சோறு காணாது, மோர் புளிக்குது எண்டு சும்மா சும்மா முகத்தைச் சுழிப்பினம். ஆனா கலியாணம் நடந்து முடிஞ்சிடும். வெள்ளை எல்லாத்துக்கும் தலையாட்டிச் சிரிச்சுக்கொண்டு இருக்கும். தாலி கட்டுற நேரம் எழும்பிப் போயிடும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பகிடி இல்லை அண்ணை. மிதிக்க மிதிக்க பிறேக் பெடல் கீழ போகுது. சிவப்பு லைற் எரியும். கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விட்டு அணைக்கிறம். நான் மட்டுமில்லை, வெள்ளை ஓடுற எல்லாரும்."

"ஏன் பதியேல்லை?"

"பதிஞ்சா வண்டி கராஜுக்குப் போகும். வண்டி போனா நாங்கள் வீட்ட. அடுத்த நாள் எங்கட இடத்தில வேற ஆள் நிப்பான். சிவப்பு ஓடுறவை நிரந்தர ஆக்கள். துடைப்பான் கீச்சிட்டாலும் எழுதிக் குடுத்திட்டு, கோப்பி குடிச்சுக்கொண்டு இருப்பினம். எங்களுக்கு அது ஏலாது."

இரண்டு குளிர்காலங்களின் கணக்கு என் காலடியில் அசைந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தது வண்டிகளின் பழுதுகளை அல்ல; யாருக்குப் பழுது சொல்லும் துணிவு இருக்கிறது என்பதைத்தான் எண்ணியிருந்தேன். இதை நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லமாட்டேன். அந்த நிமிடமே விளங்கியது. முழுவதும் விளங்கியது.

"நீங்கள் எழுதித் தந்தால்தான் நான் எடுக்கலாம்," என்றேன்.

"நான் எழுதினா, அதை வாசிக்க நீங்கள் இருப்பியள். நான் இருக்கமாட்டன் அண்ணை. உங்களுக்குத்தான் வாயால சொல்லுறன். நீங்கள் எங்கட ஆள்தானே."

எங்கட ஆள். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது.

ஏன் என்று உங்களில் சிலருக்கு விளங்கும். அதற்கு முந்தைய வருடம் ஒரு தமிழ் மாணவியைப் பயிற்சிக்கு எடுக்கச் சொல்லி நான் பரிந்துரைத்திருந்தேன். கெட்டிக்காரி. அவள் வந்த அன்று கோப்பி குடிக்கும் இடத்தில் ஒருவர், "ஆக, குடும்பம் வந்து சேரத் தொடங்கிவிட்டதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நகைச்சுவைதான். ஆனால் அன்றிலிருந்து ஒரு தமிழருக்காக அந்த அலுவலகத்தில் நான் வாய் திறந்ததில்லை. ஒரு டொச்சுக்காரர் சொன்னால் இரண்டு முறை கேட்பேன். எங்கள் ஆள் சொன்னால் நாலு சாட்சி கேட்பேன். அதை நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கம் சாய்கிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக மற்றப் பக்கம் சாய்ந்து நின்றேன்.

தலைவர் கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கையில் புகைப்படக் கருவி. முகத்தில் நல்ல நாள் ஒன்று முடியப்போகும் களைப்பு. நான் அவரிடம், நாளைக்கு வேண்டாம், ஒரு வெள்ளை வண்டியைத் தூக்கிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. அப்படிச் சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஏன், இந்தக் கதை சொல்லும் மனிதர் சொன்னார் என்பதற்காகவா? அவர் உங்கள் ஊர்க்காரர் என்பதற்காகவா? அவர் அப்படிக் கேட்காமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை.

"இருக்கையைச் சூடாக்கும் கருவி வேலை செய்யவில்லையாம்," என்றேன்.

தலைவர் சிரித்து, ரஞ்சனின் தோளில் தட்டினார். ரஞ்சனுக்கு டொச் அவ்வளவு ஓடாது. தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அவரும் சிரித்தார். தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் வெள்ளை வண்டியின் உட்புறத்தைப் படம் எடுத்தேன். இருக்கைக்குப் பின்னால் பிறேக் எண்ணெய்ப் போத்தல் ஒன்று, துணியில் சுற்றி, கவிழாமல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பிறேக் எண்ணெயைக் கிழமைக்கு ஒரு முறை விடவேண்டிய வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய பொறியியல் படிக்கவேண்டியதில்லை. அன்றிரவு அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: வெள்ளை வண்டிகளின் ஓட்டுநர்கள் தங்கள் வாகனங்களைத் தனிப்பட்ட அக்கறையோடு பராமரிக்கிறார்கள். அந்த வரியைத் தலைவர் பாராட்டினார். மனிதர்களையும் கவனிக்கிறாய் என்றார்.

வெள்ளைதான் வாங்கினார்கள். பழைய வெள்ளைகளையும் வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு நம்பகமான வண்டியை ஏன் விற்கவேண்டும்?

அடுத்த குளிர்காலத்தில், காலை நேரம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் செங்குத்தான தெரு ஒன்றில், முழு உப்புப் பாரத்தோடு வந்த ரஞ்சனின் வண்டியில் பின்சக்கரப் பிறேக் குழாய் வெடித்தது. உப்புத் தூவியிலிருந்து வடியும் நீர் சொட்டுச் சொட்டாக விழும் இடத்தில், சட்டத்துக்கு மேல் மறைந்து ஓடிய குழாய் துருவேறி, காகிதம்போல் ஆகியிருந்தது. முன்பிறேக் மட்டும் மிஞ்சியது. அந்தப் பாரத்துக்கும் அந்த இறக்கத்துக்கும் அது போதவில்லை. கீழே பேருந்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். அவர் வண்டியைத் தோட்டத்தின் கருங்கல் மதிலில் செலுத்தினார். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை அவர் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். பிள்ளைகள் நேரில் பார்த்ததால் நம்பினார்கள். ஆனால் விசாரணை வேறு கேள்வியைக் கேட்டது. தினமும் புறப்படும் முன் வண்டியைச் சோதிப்பது ஓட்டுநரின் கடமை. எண்ணெய் குறைகிறது என்று தெரிந்தும் ஏன் பதியவில்லை? ரஞ்சன் மருத்துவமனைக் கட்டிலில் இருந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரே பதிலைச் சொன்னார்: எஞ்சினியரிடம் சொன்னேன். அவருடைய பெரியவரும் பக்கத்தில் நின்றார்.

தலைவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அன்றைக்கு அந்த மனிதர் உன்னிடம் சொன்னது இருக்கைச் சூட்டைப் பற்றித்தானே?"

என்னைப் பிடிப்பதற்காக அவர் கேட்கவில்லை. நிம்மதியாகக் கையெழுத்து வைப்பதற்காகக் கேட்டார். முதல் தடவை பொய் சொன்னபோது எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. அவசரம், பயம் என்று ஏதாவது சொல்லித் தப்பலாம். இந்த முறை கதவு சாத்தியிருந்தது, நேரமும் இருந்தது. எதிரே இருந்தவர் என் மேல் நம்பிக்கை வைத்திருந்தார். ஒரு மனிதனின் கால் போயிருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு சொன்னேன்.

"ஓம், அதைத்தான் சொன்னார்."

நெருக்கடியில் எடுக்கும் முடிவுகளைப் பற்றி உங்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்லித்தருவார்கள். என் அனுபவத்தில் நெருக்கடி ஒருவனைக் கெடுப்பதில்லை. நெருக்கடி முடிந்து, அமைதியாக உட்கார்ந்து, அதே முடிவை மறுபடியும் எடுக்கிறானே, அங்கேதான் அவன் கெட்டுப்போகிறான்.

ரஞ்சனுக்கு விபத்துக் காப்புறுதி கிடைத்தது. இந்த நாட்டில் அதற்கு யார் பிழை என்று பார்ப்பதில்லை. ஆனால் கவனயீனம் என்று தீர்ப்பாகியது. ஆள் வழங்கிய நிறுவனம் அவரைக் கைவிட்டது. நம் சனம் மிச்சத்தைச் செய்தது. கப்டன் குடித்திருந்தானாம் என்றார்கள். தூங்கிவிட்டானாம் என்றார்கள். தமிழ்ப் பள்ளி விழாவில் என் காதுபடவே ஒருவர், "தன்ர பிழையை எஞ்சினியர் ஒருத்தரில போடப் பாத்தவனாம்," என்றார். அந்த எஞ்சினியர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் வடையைச் சாப்பிட்டு முடித்தேன்.

அதன் பிறகும் பல வருடங்கள் வேலை செய்தேன். நன்றாகவே செய்தேன். எங்கே போனாலும், பழுதைப் பதிந்தால் பதிந்தவருக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் கேட்டேன். யார் நிரந்தரம், யார் கூலிக்கு வந்தவர் என்று பிரித்துப் பார்த்தேன். ஓட்டுநர் இல்லாமல் ஒரு வண்டியையும் எடைபோடவில்லை. நீங்கள் இன்று அலுவலகத்தில் பயன்படுத்தும் அந்த முறையை என் பெயரால் அழைப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்துங்கள். அது எப்படி எனக்குத் தெரியவந்தது என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற நாளில் விருந்து வைத்தார்கள். தலைவர் அதற்கு முன்பே விலகியிருந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர் பேசினார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ஒரு பக்கமும் சாயாத மனிதர் என்றார். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "நான் உன்னை நம்பிக் கையெழுத்து வைத்தேன்," என்றார். தொடர்பைத் துண்டித்தார். அதன் பிறகு நான் எடுத்தால் பேசுவதில்லை. காப்புறுதி அலுவலகத்துக்கும் எழுதினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று மரியாதையான பதில் வந்தது.

பிறகுதான் ரஞ்சனிடம் போனேன். முதலில் போயிருக்கவேண்டிய இடம்.

கதவைத் திறந்தது அவருடைய மகள் துளசி. விபத்து நடந்தபோது பள்ளியில் படித்தவள், இப்போது மருத்துவமனையில் தாதி. "வாங்கோ அங்கிள், அப்பா உள்ளுக்கு இருக்கிறார்," என்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. ரஞ்சனுக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"வாங்கோ எஞ்சினியர்," என்றார். அண்ணை என்று சொல்லவில்லை. "இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், அதில கால் ஆடும். பதிஞ்சு வைக்கேல்லை."

நான் சிரிக்கவில்லை. ரஞ்சன், நான் ஒரு விஷயம் சொல்ல வந்தேன் என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"எனக்கு என்னத்துக்குச் சொல்லுறியள்? நான்தானே உங்களுக்குச் சொன்னனான். எனக்குத் தெரிஞ்ச கதையை எனக்கே சொல்லி அழவேண்டாம்."

"காப்புறுதிக்கும் எழுதியிருக்கிறன். கோப்பு முடிஞ்சுதாம்."

"அது கிடக்கட்டும். எனக்குக் கோப்பு வேண்டாம்." உள்ளே திரும்பி, "துளசி, இஞ்ச வா பிள்ளை," என்றார். "இவளுக்குச் சொல்லுங்கோ. டொச்சில சொல்லுங்கோ. இவளுக்கு வடிவா விளங்கவேணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் சொன்னேன். அந்த நாள், அந்த இடம், உங்கள் அப்பா சொன்னது, நான் தலைவரிடம் மாற்றிச் சொன்னது, பிறகு கதவு சாத்திய அறையில் மறுபடியும் சொன்னது. அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு அந்த மொழியில் தெரியாது.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்பா என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"மிதிக்க மிதிக்க பிறேக் பெடல் கீழ போகுது எண்டு சொன்னவர். எண்ணெய் விட்டு அணைக்கிறம் எண்டவர். நீங்கள் எங்கட ஆள்தானே எண்டவர்."

இத்தனை வருடம் ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வை மாறியது. தகப்பனிடம் திரும்பினாள்.

"அப்பா, நான் உங்களை..."

"விடு பிள்ளை."

"ஒவ்வொரு முறையும் சொன்னனான் எண்டு சொன்னனீங்கள். நான் நம்பேல்லை. நீங்கள் கப்பல் கதை மாதிரி இதையும்..."

"கப்பல் கதையும் உண்மைதான்," என்றார் ரஞ்சன். "கொஞ்சம் உப்புக் கூட, அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் டொச்சில், முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசும் மரியாதையோடு பேசினாள். அவள் சொன்னது இது: விபத்துக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு காலால் ஓட்டக்கூடிய கார் கொடுத்தார்கள். தினமும் காலையில் உன்னைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறேன் என்பார். பிறகு பயிற்சிக்கு, பிறகு வேலைக்கு. நான் ஒரு நாளும் ஏறவில்லை. பேருந்துத் தரிப்பில் நிற்பேன். அவர் வெறும் காரோடு என்னைக் கடந்து போய், திரும்பி வருவார். எனக்குப் பிள்ளை பிறந்தால் உங்கள் காரில் ஏற்றமாட்டேன் என்று அவரிடம் ஒரு நாள் சொன்னேன். அந்தக் கிழமையே காரை விற்றுவிட்டார்.

ரஞ்சன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எஞ்சினியருக்குத் தேத்தண்ணி போடு பிள்ளை," என்றார்.

அவள் அசையவில்லை. "அவர் போகட்டும் அப்பா."

நான் எழுந்தேன். ரஞ்சனிடம் கை நீட்டத் துணிவு வரவில்லை. அவரும் நீட்டவில்லை. துளசி கதவுவரை வந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, எதையாவது சொல்லவேண்டும் என்பதற்காக, இப்போதும் ஒரு கார் எடுக்கலாமே, வேண்டுமானால் நான் பார்த்துத் தருகிறேன் என்றேன். முப்பது வருடப் பழக்கம். எந்த இடத்திலும் வண்டியைப் பற்றித்தான் வாய் பேசுகிறது.

"அவருக்கு நீரிழிவு வருத்தம்," என்றாள், இந்த முறை தமிழில். "கண் பார்வை போய்க்கொண்டிருக்கு. போன வருசம் லைசென்சைத் திருப்பிக் குடுத்திட்டார். இல்லாட்டி நாளைக்கு விடிய அவரோட ஏறிப் போயிருப்பன்."

கதவைச் சாத்தினாள்.